விதைநெல் முளைக்குமா? நாற்றங்காலுக்கு முன் வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

போன பருவத்தில் எடுத்து வைத்த விதைநெல், பார்க்க பளபளன்னுதான் இருக்கும். உள்ளே உயிர் இருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது. நாற்றங்காலில் பாதி முளைக்காமல் போனால் விதைக்காசு மட்டுமா நஷ்டம்? மறுபடி விதை தேடி அலைவதற்குள் பருவமே தள்ளிப்போய்விடும்.

உப்புக் கரைசல் போதாதா?

முட்டையை மிதக்கவிட்டு உப்பு அளவு பார்த்து, அந்தக் கரைசலில் நெல்லைக் கொட்டி, மூழ்கியதை நல்ல விதை என எடுத்துக்கொள்கிறார்கள். இது பதரையும் அரைகுறை மணியையும் பிரிக்கும். அவ்வளவுதான். ஈரத்தோடு மூட்டை கட்டியதில் செத்துப்போன விதையும் கனமாக இருந்தால் அடியில்தான் போய் உட்காரும்.

100 மணி எண்ணுங்க

மூட்டையின் மேல், நடு, அடி என மூன்று இடத்திலும் கொஞ்சம் எடுத்துக் கலந்து, அதிலிருந்து 100 மணி எண்ண வேண்டும். நல்லதாகப் பார்த்துப் பொறுக்கக் கூடாது. நனைத்துப் பிழிந்த சாக்கிலோ பருத்தித் துணியிலோ இடைவெளி விட்டுப் பரப்பி, பாய் மாதிரி சுருட்டி நிழலில் வையுங்க. துணி காயவும் கூடாது, தண்ணீர் சொட்டவும் கூடாது.

ஏழெட்டு நாளில் பிரித்து, வேரும் குருத்தும் ஒழுங்காக வந்ததை மட்டும் எண்ணணும். முனை மட்டும் வெள்ளையாக எட்டிப் பார்த்தது, வேரே விடாதது, அழுகியது எதுவும் கணக்கில் சேராது. இந்த இடத்தில்தான் பலரும் தாராளமாக எண்ணிவிடுகிறார்கள்.

எத்தனை வந்தால் நல்லது?

சான்று பெற்ற நெல் விதைக்கு குறைந்தபட்ச முளைப்புத்திறன் 80 சதவீதம். உளுந்துக்கு 75, நிலக்கடலைக்கு 70. நெல்லில் 60தான் வந்தது என்றால், 30 கிலோ போடும் இடத்தில் 40 கிலோ போட்டால்தான் அதே எண்ணிக்கை நாற்று கிடைக்கும். அப்படி வரும் நாற்றும் வாளிப்பாக இருக்கும் என்று சொல்ல முடியாது. 50க்கும் கீழே போனால் அந்த மூட்டையை விதைக்கு நம்பாமல் இருப்பதே மேல்.

ஒரு விஷயம்: அறுத்த சூட்டோடு சோதித்தால் சில ரகங்கள் உறக்கநிலையில் இருப்பதால் முளைக்காது. அது செத்த விதை இல்லை. சில வாரம் விட்டு மறுபடி பார்க்கணும்.

சந்தேகம் இருந்தால் அரசு விதைப் பரிசோதனை நிலையத்தில் கட்டணம் செலுத்தி மாதிரி கொடுக்கலாம். அங்கே 400 விதைகளை வைத்துப் பார்ப்பார்கள். நெல்லுக்கு 14 நாள் ஆகும். அதனால் விதைப்புக்கு ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுவது நல்லது.