ரயிலைச் சோதிக்கிறவர் யாருக்குக் கீழே?

ரயில்வே தனியார்மயம்னு பேச்சு வந்தாலே ரெண்டு குரல் கேட்கும். "தனியார் கைக்குப் போனா பாதுகாப்பு போச்சு"ன்னு ஒண்ணு. "அரசாங்கம் மட்டும் ஒழுங்கா?"ன்னு இன்னொண்ணு. ஸ்ரீரங்கம் வழியாப் போற நம்ம பாதை ரெண்டையுமே பார்த்திருக்கு.

முதல்ல கம்பெனி காலம். தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1874-ல் உருவானது. முதலாளிகள் லண்டனில், தலைமையகம் திருச்சியில். பிறகு பாதை அரசுக்குச் சொந்தமானது. ஆனாலும் வண்டி ஓட்டும் ஒப்பந்தம் கம்பெனியிடமே இருந்தது. 1944 ஏப்ரலில்தான் அரசு நேரடியாக நிர்வாகத்தை எடுத்தது. 1951-ல் தெற்கு ரயில்வே பிறந்தது.

கம்பெனி ஓட்டும்போது அரசாங்க இன்ஸ்பெக்டர் வந்து சோதிப்பார். இதில் சிக்கல் இல்லை. ஆனா அரசே ரயில் ஓட்ட ஆரம்பிச்சதும் ஒரு கேள்வி வந்தது. இன்ஸ்பெக்டரும் ரயில்வே போர்டுக்குக் கீழே, வண்டி ஓட்டுறவரும் அதே போர்டுக்குக் கீழே. அப்போ யாரை யார் தட்டிக் கேட்கிறது?

1937-ல் பாட்னா பக்கம் பிஹ்டாவில் பெரிய விபத்து. அது அரசு நடத்திய ரயில்வே. அதன் பிறகு அமைந்த குழுவுக்குத் தலைவராக வந்தவர் ஆலன் மவுண்ட், பிரிட்டிஷ் ரயில்களின் தலைமை ஆய்வு அதிகாரி. சோதிப்பவரைப் போர்டிலிருந்து பிரிக்கணும்ங்கிற யோசனையை இந்தக் குழுவும் ஆதரித்தது. 1941-ல் பிரித்தார்கள். இன்றைக்கும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் இருப்பது விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்குக் கீழே! ரயில்வே இன்ஜினியராக வேலை பார்த்தவர்தான் ஆணையராக வருகிறார். ஆனால் பழைய மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஏற்பாடு இருந்தும் 1956 நவம்பர் 23 நடந்தது. சென்னையிலிருந்து தூத்துக்குடி போன எக்ஸ்பிரஸ், அரியலூர் தாண்டி மருதையாற்றுப் பாலத்தில் வெள்ளத்தில் விழுந்தது. 140 பேருக்கு மேல் பலி. லால் பகதூர் சாஸ்திரி அமைச்சர் பதவியைத் துறந்தார். அது பெரிய மனசு, சந்தேகமே இல்லை. ஆனா அடுத்த பாலத்தைக் காப்பாத்துறது ராஜினாமா இல்லை. மழை வரும் முன்னாடி நடக்கிற சோதனைதான்.

சரி, சோதனை மட்டும் போதுமா? இங்கதான் பிரிட்டனைப் பார்க்கணும். 1994-லிருந்து அங்கே ரயில்வேயைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். தண்டவாளம் ரயில்ட்ராக் என்ற கம்பெனிக்கு, பராமரிப்பு ஒப்பந்தக்காரர்களுக்கு, வண்டிகள் வேறு வேறு கம்பெனிகளுக்கு. 2000 அக்டோபரில் ஹாட்ஃபீல்டில் தண்டவாளம் நொறுங்கி ரயில் தடம்புரண்டது. 4 பேர் இறந்தார்கள். அந்தத் தண்டவாளத்தில் விரிசல் இருப்பது முன்பே தெரியும். மாற்றுத் தண்டவாளம் கொண்டுவந்து பக்கத்திலேயே கிடந்தது. போடத்தான் இல்லை. அடுத்த வருஷமே ரயில்ட்ராக் திவாலானது.

ஆக, குறையைக் கண்டுபிடிக்க வெளியாள் வேணும். அதைச் சரிபண்ண, தப்பிக்க முடியாத ஒரு பொறுப்பாளி வேணும். ரெண்டில் எது இல்லாட்டியும் ஆபத்து, முதலாளி யாரா இருந்தாலும்.

பாம்பன் புதுப் பாலத்தையே எடுத்துக்குங்க. 2024 நவம்பரில் ஆணையர் அறிக்கை திட்டமிடலிலிருந்து துருப்பிடிப்பு வரைக்கும் குறைகளை எழுத்தில் சொன்னது. பாலத்தில் 75 கிலோமீட்டர், தூக்குப் பகுதியில் 50 என்று வேகத்துக்கும் வரம்பு வைத்தது. அரசு கட்டிய பாலத்தை அரசின் இன்னொரு கையே கேள்வி கேட்டது. 1941-ல் பிரித்துவைத்ததன் பலன் இது.

கோயம்புத்தூரிலிருந்து ஷீரடிக்குத் தனியார் இயக்கும் ரயில் 2022-லேயே கிளம்பிவிட்டது. இனி இன்னும் வரலாம். அப்போ "யாரோட ரயில்?"னு மட்டும் கேட்காதீங்க. சோதிக்கிறவர் யாருக்குக் கீழே, அவர் எழுதினதைச் செய்யாட்டி யார் பதில் சொல்வாங்கன்னும் கேளுங்க.