குருதிக் குறையும் குழவியர் வளர்ச்சியும்

குலம் தழைத்தல் வேண்டுமென்று விரும்பாதார் யாருமிலர். அக்குலத்துப் பிறந்த மக்கள் உரிய காலத்தே உயர்ந்து பருவமெய்துதலே தழைத்தற்கு முதற்படியாம். அவ்வளர்ச்சியைத் தடுக்கும் பரம்பரை நோயொன்றன் வரலாற்றை நம் சமூகத்தார் அறிந்து பயன்கொள்ளும் பொருட்டு ஈண்டு எழுதப் புகுந்தோம்.

1925-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டு டெட்ராயிட் நகரத்துக் குழந்தை வைத்தியராகிய தாமஸ் கூலி என்பார், பேர்ல் லீ என்பாருடன் கூடி, சோகையும் பருத்த மண்ணீரலும் திரிந்த எலும்பும் உடைய குழவியர் சிலரைப்பற்றி எழுதி வெளியிட்டார். 1932-இல் விப்பிள், பிராட்போர்டு என்னும் இருவர் அந்நோய்க்குத் தலசீமியா என்று பெயரிட்டனர். கடலென்று பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்த பெயர் இது. மத்தியதரைக் கடலோரத்து மக்களிடை அந்நோய் மிகுந்திருந்தமையே காரணம். எனினும் அது அவர்க்கே உரியதன்று. 1938-இலேயே கல்கத்தாவில் கண்டறியப்பட்டது. இன்று நம் நாட்டின் பல வகுப்பாரிடையும் உளது.

இந்நோய் கடுமையாய் உற்ற குழவியின் உடல் செவ்வணுக்களைச் செம்மையாய் ஆக்கமாட்டாது. ஆதலின் சில வாரங்களுக்கு ஒருமுறை பிறர் குருதியை ஏற்றுதல் வேண்டும். ஏற்றாக்கால் இளமையிலேயே உயிர் நீங்கும். ஆனால் உயிரளித்த அக்குருதியே மற்றோர் இடுக்கணையும் கொணர்ந்தது. ஒரு புட்டிக் குருதியில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் இரும்பு உளது. உடலோ நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராமே கழிக்கவல்லது. எஞ்சிய இரும்பு ஈரலிலும் இதயத்திலும் படிவதோடு, மூளையின் அடியில் பட்டாணியளவே உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியிலும் படிகின்றது. உயர்ச்சிக்கும் பருவமெய்துதற்கும் உரிய ஹார்மோன்களைச் சுரப்பது அதுவே. அது நலிந்தமையால், பதினைந்து வயதுப் பிள்ளை பத்து வயதினன்போல் நின்றான்; பெண் பூப்பெய்தாதிருந்தாள். தைராய்டும் கணையமும் பழுதுற்று நீரிழிவுற்றாரும் உளர்.

1960-களில் டெஸ்பெரியோக்சமீன் என்னும், இரும்பை ஈர்த்து வெளியேற்றும் மருந்து வழக்கிற்கு வந்தது. 1970-களில் அதனைச் சிறுகருவி வாயிலாக இரவெல்லாம் தோலடியிற் செலுத்தும் முறை தோன்றிற்று. பின்னர் வாய்வழி உட்கொள்ளும் மருந்துகளும் வந்தன. இவற்றை இளமையிலேயே தொடங்கி இடைவிடாது கொண்டார் பலர் பருவமெய்தி, மணம்புரிந்து, மக்கட்பேறும் பெற்றனர். ஆகவே இந்நோயுற்ற பிள்ளையைக் குள்ளனென்று இகழாது, ஆறு திங்களுக்கு ஒருமுறை உயரம் அளந்து, வளர்ச்சி குன்றுமாயின் வைத்தியரிடம் காட்டுக. குறைந்த ஹார்மோனை மருந்தாகவும் அளித்தல் கூடும்.

இனி, வருமுன் காத்தலைக் கூறுவோம். சைப்ரஸ் தீவில் ஏழுபேருக்கு ஒருவர் அளவில் இந்நோய்க்கூற்றைச் சுமப்போர். சுமப்போர் தாம் நலமாகவே இருப்பர். அத்தகையார் இருவர் மணந்தாலோ, ஒவ்வொரு மகப்பேற்றிலும் நான்கிலொரு பங்கு கடுநோய்க்கு இடமுண்டு. ஆதலின் 1983 முதல் அத்தீவின் கிறித்தவத் திருச்சபை, குருதிச் சோதனை செய்த சான்றிதழின்றி மணம் செய்வித்திலது. மணந்தே தீர்வதா என்பதை மணமக்களே துணிந்தனர். நோயோடு பிறப்போர் தொகையோ மிகச் சுருங்கிற்று.

ஒரு வகுப்பினுள்ளும் உறவினுள்ளும் மணவினை செய்யும் நாம் இதனை எண்ணுதல் வேண்டும். சாதகம் பார்ப்பதற்கு முன்னர்க் குருதியைப் பார்க்க. சுமப்போரென்று தெரியவந்தால் பெண்வீட்டாரையேனும் பிள்ளைவீட்டாரையேனும் பழித்தலாகாது. நோய் இருபாலும் சேர்ந்தே வருவது. அறியாமையாற் பிறக்கும் துயர்க்கு விதியைக் காரணங்காட்டுதல் இனி நமக்கு ஒல்லாது என்பதே யாம் கூறவந்தது.