இரண்டு ரயில்களும் ஒரு பாட்டும்

டாப் ஸ்டேஷனுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி: "ஸ்டேஷன் எங்கே?" மூணாறிலிருந்து வருகிறவர்களுக்கு அங்கே தெரிவது மேகமும், சோளம் சுட்டு விற்கிற கடைகளும், கீழே கிடக்கும் எங்கள் போடிப் பக்கமும்தான்.

ஸ்டேஷன் இருந்தது. 1902இல் மூணாறுத் தேயிலையை அங்கே கொண்டுவர ஒற்றைத் தண்டவாள வண்டி போட்டார்கள். 1908இல் அது சின்ன ரயிலாக மாறியது. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனில் இறங்கி, கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு வரும். அங்கிருந்து மாட்டுவண்டியில் போடி. 1924 ஜூலை மழையில் அந்த ரயில் பாதையே அடித்துக்கொண்டு போய்விட்டது. மலையாளிகள் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்று சொல்வது அதைத்தான். கொல்லம் ஆண்டு 1099.

போடிக்கு மதுரையிலிருந்து ரயில் வந்தது 1928இல். அதாவது மேலே இருந்த ரயில் போய் நாலு வருஷம் கழித்துத்தான் கீழே ரயில் வந்தது. இரண்டும் ஒருநாள்கூட ஒன்றையொன்று பார்த்ததில்லை.

இந்தக் கீழ் ரயிலுக்கும் நிம்மதி இல்லை. 1942இல் போருக்காகத் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். என் அப்பத்தாவுக்கு அப்போது ஏழெட்டு வயசு. "சண்டைக்கு இரும்பு வேணுமாம் தாயி, ரோட்டைக் கழட்டுற மாதிரி கழட்டிட்டுப் போயிட்டான்" என்பார். ஐம்பதுகளில் திரும்ப வந்தது. 2010 முடிவில் அகலப்பாதைக்காக நிறுத்தினார்கள். அடுத்த ரயில் போடிக்குள் வந்தபோது 2023 ஜூன்! நான் ஆறாவது படிக்கும்போது போன ரயில், வேலைக்குப் போன பிறகு வந்தது.

மேலே ஓடிய ரயிலின் சக்கரம் ஒன்று மூணாறு தேயிலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போடியில்? ஊரின் மரபு எதுவென்று கேட்டால் ஜமீன் அரண்மனைச் சுவரில் இருக்கும் ராமாயண ஓவியங்களைச் சொல்வார்கள். சரிதான், அழகானவைதான். ஆனால் பெட்டியைத் தூக்கினவர், வண்டி ஓட்டினவர், ஏலக்காய் பொறுக்கினவர் எந்தச் சுவரிலும் இல்லை.

இதை யோசிக்கும்போதெல்லாம் எஸ்டோனியாவின் டார்ட்டு நகரம் ஞாபகம் வரும். 1632இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இருக்கிற ஊர். யாக்கோப் ஹுர்ட் அங்கே படித்த காலத்தில் பாடமெல்லாம் ஜெர்மனில். எஸ்டோனிய மொழி குடியானவர்களுடையது, அவ்வளவுதான் மரியாதை. பிறகு பாதிரியாராக இருந்த ஹுர்ட் 1888இல் பத்திரிகைகளில் ஒரு வேண்டுகோள் விடுத்தார்: உங்கள் ஊர்ப் பாட்டை, விடுகதையை, வழக்கத்தை எழுதி அனுப்புங்கள். பண்ணைக்காரர்களும் பள்ளி ஆசிரியர்களுமாகச் சுமார் 1,400 பேர் எழுதினார்கள். லட்சம் பக்கங்களுக்கு மேல் சேர்ந்தது. இன்றும் அவை டார்ட்டுவில் இருக்கின்றன. அவர் நினைவாக 1909இல் தொடங்கிய தேசிய அருங்காட்சியகத்துக்கு 2016இல் புதுக்கட்டடம் எழுப்பினார்கள், பழைய சோவியத் விமானத்தளத்தின் ஓடுபாதை முடிகிற இடத்தில்.

கட்டடத்தை விடுங்கள், அதற்குக் காசு வேண்டும். 1888இல் அவருக்குத் தேவைப்பட்டது தாளும் தபாலும்தான். என்னிடம் போன் இருக்கிறது.

போன மாதம் அப்பத்தா முன்னால் அதை வைத்தேன். முப்பது வருஷம் ஏலக்காய் பொறுக்கியவர். ஜீப்பில் போடிமெட்டு ஏறி எஸ்டேட்டுக்குப் போனது முதலில். முட்டி போனபிறகு ஊருக்குள்ளேயே ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிற வேலை. அஞ்சு கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஒரு கிலோ தேறும் என்றார். கலைந்த பச்சை, வெடித்த காய், பூச்சி சொறிந்த காய் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டே விரலில் தெரியுமாம். நான் நம்பவில்லை. அடுப்படியிலிருந்து ஒரு கை எடுத்துவந்து கொடுத்தேன். வெடித்ததை மூன்று நொடியில் ஒதுக்கினார். பச்சையை மட்டும் கண் திறந்துதான் பார்த்தார், சிரித்துவிட்டார்.

பொறுக்கும்போது பாடுவீங்களா என்றேன். "பாடாம? கூலியவா நெனச்சுக்கிட்டே உக்காந்திருக்க முடியும்?" முதல் அடி சுலபமாக வந்தது. இரண்டாவது வரவில்லை. மூன்று தடவை ஆரம்பித்தார், மூன்று தடவையும் அதே இடத்தில் நின்றது. பதிவில் அந்த இடைவெளி பதினோரு நொடி.

"எங்க நாத்துனாவுக்குத் தெரியும், அவதான் எடுத்துக் குடுப்பா" என்றார் கடைசியில். அவர் கொட்டகுடியில் இருக்கிறார், அப்பத்தாவைவிட இரண்டு வயசு மூத்தவர். காது சரியாகக் கேட்காதாம். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸுக்கு அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.