பேர்சிவல் பாதிரியாரும் நாவலர் பெருமானும்

கதையும் செய்யுளும் அல்லாத உரைநூலை எழுதுவோர் தனியே இருந்து எழுதுவதாகத் தோன்றினும், எதிரே ஒருவர் இருந்து வினவுவதும் மறுப்பதும் அவர் செவியில் ஒலித்துக்கொண்டே இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் அவ்வாறு எதிரெதிரே அமர்ந்த இருவரை ஈண்டு நினைவுகூர்வோம்.

வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் பாதிரியார் தமிழை ஆழக் கற்றவர். நம் பழமொழிகளைத் திரட்டி 1842-இலேயே நூலாக வெளியிட்டவர். 1822-இல் நல்லூரிற் பிறந்த ஆறுமுகம் என்னும் இளைஞர் அவர் பாடசாலையிற் பயின்று, அங்கேயே ஆசிரியருமானார். விவிலிய நூலைத் தமிழில் திருத்தி மொழிபெயர்க்கும் பணிக்குப் பாதிரியார் நாடியது இந்தச் சைவ இளைஞரையே. இளைஞரோ தம் சமயத்தை இம்மியும் நெகிழவிடாது அப்பணியைச் செய்தார். ஒரு சொல்லுக்கு நேர்சொல் தேடுவது எளிதன்று. அச்சொல்லின் பின்னே நிற்கும் கொள்கையையும் அறிந்தாக வேண்டும். ஆகவே அம்மொழிபெயர்ப்பு இரு சமயங்களுக்கிடையே பல ஆண்டுகள் நிகழ்ந்த உரையாடலாகவே அமைந்தது. அது 1850-இல் அச்சேறியது.

அதற்கு முன்னரே இளைஞர் வேறு வழியில் இறங்கிவிட்டார். 1847 டிசெம்பர் 31-ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே அவர் பிரசங்கம் தொடங்கினார். பிரசங்க மேடையும், அச்சுக்கூடமும், பாடசாலையும் பாதிரிமாரிடம் அவர் கண்டறிந்த கருவிகள். 1848-இல் பாதிரியாரின் பணியை விட்டு நீங்கிச் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மறுவருடம் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு ‘நாவலர்’ என்னும் பட்டம் சூட்டியது. 1854-இல் வெளிவந்த ‘சைவதூஷண பரிகாரம்’ என்னும் நூலிலே, சைவக் கிரியைகளைப் பழித்தோருக்கு அவர்தம் விவிலியத்திலிருந்தே மேற்கோள் காட்டி விடையிறுத்தார். எதிராளியின் நூலை அவரினும் நன்கு கற்றவராலன்றி இது இயலுமா? பிற்காலத்தில் அவர் எழுதிய ‘சைவ வினாவிடை’யும் கேள்வியும் மறுமொழியுமாகவே நடக்கின்றது.

நாவலரிடம் நாம் ஏற்கவியலாததும் உண்டு. சாதி வரம்புகளை அவர் விடாது காத்தார். அவருடைய கண்டன நடையும் சில இடங்களிற் கடுமையானதே. பாதிரியாரோ பின்னர் மிஷனை விட்டு நீங்கிச் சென்னைக்குச் சென்று, அங்கே ‘தினவர்த்தமானி’ என்னும் தமிழ்ப் பத்திரிகையை நடத்தினார்.

பேசாலையில் வாழும் நமக்கு இவ்வரலாறு தொலைவானதன்று. மன்னார்த் தீவைக் கடந்து மாந்தைக்குச் சென்றால் பாலாவிக் கரையிலே திருக்கேதீச்சரம் நிற்கின்றது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய அத்தலம் போர்த்துக்கேயர் காலத்தில் அழிவுற்று, காடு மூடிக் கிடந்தது. அதனை மீண்டும் எழுப்புக என்று 1872-இல் எழுதி மக்களைத் தூண்டியவர் நாவலரே. அவர் 1879-இற் காலமானார். வேண்டுகோளோ வாசித்தோரிடம் தங்கிற்று. 1893-இலே அக்காணி ஏலத்தில் வாங்கப்பட்டது. 1948-இல் திருப்பணிச் சபை தோன்றியது.

கோயிலும் தேவாலயமும் அடுத்தடுத்து நிற்கும் இக்கரையில் இளைஞர்கள் அவ்விருவர் நூல்களையும் சேர்த்தே வாசிக்கலாம். பாதிரியாரின் பழமொழித் தொகுதி பின்னர் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகளாக விரிந்து 1874-இல் வெளிவந்தது. அதில் நம் பாட்டிமார் சொல்லும் பழமொழிகளையும் தேடிப் பார்க்கலாம்.