கிழட்டுக் குதிரைக்கு என்ன போடுவது, சார்?

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாள், இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு போன். எட்டாம் வகுப்பில் என்னிடம் வரலாறு படித்தவன். இப்போது பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறான். கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட்டு விடும் ஒருவர், இனிமேல் இழுக்காது என்று ஒதுக்கிய குதிரையை இரக்கப்பட்டு வாங்கி வந்துவிட்டானாம். வயது இருபதுக்கு மேல். விலா எலும்பைத் தூரத்தில் நின்றே எண்ணிவிடலாம். வாளியோடு கிட்டே போனால் காதைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டு கடிக்க வருகிறது.

"சார், பாண்டிய ராஜா குதிரைக்குச் சோறு போட்டே கொன்ன கதை சொல்லுவீங்களே, ஞாபகம் இருக்குதுங்களா? நானும் இன்னைக்கு ஒரு வாளி சோறும் கொள்ளும் வேக வெச்சுப் போட்டுட்டேன். அப்புறம்தான் நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. இப்ப என்னங்க சார் பண்றது?"

முதலில் சந்தோஷம், அடுத்த நொடி பயம். "உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடு. வரலாற்றை நாளைக்குப் பார்ப்போம்" என்றேன். நல்லவேளை, அன்று இரவு குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த 'நாளைக்கு'த்தான் இந்தப் பதிவு.

மறந்தவர்களுக்காக அந்தப் பாடத்தை மறுபடி சொல்கிறேன். 1290-களில் மார்க்கோ போலோ நம் பாண்டிய நாட்டுக்கு வந்தார். ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து இங்கே குதிரைகள் கப்பலில் வந்து இறங்கின. மன்னரும் அவருடைய சகோதரர்களும் ஆளுக்கு 2,000 குதிரைக்கு மேல் ஆண்டுதோறும் வாங்கினார்கள், ஆண்டு முடிவில் நூறு கூட மிஞ்சவில்லை என்று எழுதுகிறார். காரணமும் சொல்கிறார்: குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை, சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துப் போடுகிறார்கள். சற்றுப் பின்னால் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், வறுத்த பார்லி, வெண்ணெய், காய்ச்சிய பால் என்று வேறு பட்டியல் தருகிறார். ஒரு குதிரையின் விலை 220 தினார் பொன் என்றும், கடலில் செத்ததற்கும் சேர்த்தே கஜானாவிலிருந்து பணம் போனது என்றும் குறிக்கிறார்.

மார்க்கோ போலோ எண்களைக் கொஞ்சம் தாராளமாகவே சொல்பவர். ஆனால் இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். குதிரைக்குச் செலவு செய்வதில் நம்மவர்கள் குறை வைக்கவில்லை. தமக்குப் பிடித்த நல்ல சாப்பாட்டையே அதற்கும் போட்டார்கள். அது குதிரையின் சாப்பாடு இல்லை. அவ்வளவுதான் கோளாறு.

குதிரையின் இரைப்பை அதன் உடம்பை வைத்துப் பார்த்தால் மிகச் சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். மாட்டைப் போல அசைபோடாது, வாந்தியும் எடுக்காது. புல்லைச் செரிப்பது பின்னால் உள்ள பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள். அதனால்தான் அது நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்கிறது. திடீரென்று வாளி நிறையச் சோறோ தானியமோ போனால் அந்த நுண்ணுயிர்களின் கணக்கு குலைந்துவிடும். கடும் வயிற்றுவலி வரும், குளம்புக்குள் வீக்கம் வரும், உயிரே போகலாம்.

பட்டினி கிடந்த குதிரைக்கு ஆபத்து இன்னும் அதிகம். உணவில்லாத நாட்களில் உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் கரைத்து ஓட்டுகிறது. அந்த நிலையில் மாவுச்சத்து ஒரேயடியாகப் போனால் இன்சுலின் எகிறும், ரத்தத்திலுள்ள பாஸ்பரஸ் முதலிய தாதுக்கள் செல்களுக்குள் பாய்ந்துவிடும், இதயம் தடுமாறும். மனிதர்களுக்கும் இதே கதிதான். 1945 ஏப்ரலில் பெர்கன்-பெல்சன் முகாம் விடுவிக்கப்பட்டபோது, இரக்கப்பட்டுக் கொடுத்த ராணுவ உணவே பட்டினியில் கிடந்த பலருக்கு எமனானது. இரக்கம் மட்டும் போதாது.

அதனால் மருத்துவர் முதல் பத்து நாள் தானியத்தையே நிறுத்தச் சொன்னார். உலர்ந்த குதிரைமசால் மட்டும், ஒரு நாளைக்கு ஆறு வேளை, சிறு சிறு அளவு. அதையும் மெல்ல மெல்லத்தான் கூட்ட வேண்டும். எப்போதும் சுத்தமான தண்ணீர், பக்கத்தில் உப்புக்கட்டி. குடற்புழுவுக்குச் சாணப் பரிசோதனை, சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனை. பிறகு பல்.

இந்தப் பல் விஷயம் எனக்குச் சின்ன வயதிலேயே தெரிந்திருக்க வேண்டியது. குதிரையின் பல் ஆயுள் முழுக்க ஈறிலிருந்து வெளியே வந்துகொண்டே இருக்கும், மென்று மென்று தேய்ந்துகொண்டே இருக்கும். சமமாகத் தேயாவிட்டால் ஓரம் கத்தியாகிக் கன்னத்தைக் கிழிக்கும். முழுதும் தேய்ந்துவிட்டால் வைக்கோலை மெல்ல முடியாமல் உருட்டி உருட்டிக் கீழே துப்பும். சாணத்தில் கொள்ளு முழுசாகக் கிடக்கும். தீனி போடவில்லை என்று வெளியார் ஏசுவார்கள். போட்ட தீனிதான் உடம்பில் சேரவில்லை.

பொள்ளாச்சிக் குதிரைக்கும் அதேதான். கன்னத்தின் உட்புறமெல்லாம் புண். மருத்துவர் மயக்க மருந்து கொடுத்துப் பல்லின் கூரிய ஓரங்களை அரம் போட்டுத் தேய்த்துவிட்டார். பத்து நாளில் கடிக்க வருவது பாதியாகக் குறைந்துவிட்டதாம். சாரட்டுக் கொட்டகையில் இளங்குதிரைகளோடு ஒரே தொட்டியில் முண்டியடித்துத் தின்ற பழக்கம் மீதிக் காரணம். இப்போது அதற்குத் தனித் தொட்டி. துணைக்குக் கண்ணில் படும்படி இரண்டு ஆடுகள்.

குதிரையின் குணம் என்று நாம் சொல்வதில் பாதி இப்படித்தான். பிறவிக் குணம் என்று ஒன்று உண்டு, மறுக்கவில்லை. ஆனால் புசெபலஸ் யாருக்கும் அடங்காத முரட்டுக் குதிரை என்று பிலிப் மன்னர் திருப்பி அனுப்பப் பார்த்தபோது, அது தன் நிழலைக் கண்டு மிரள்வதைக் கவனித்தவன் சிறுவன் அலெக்ஸாண்டர். சூரியனைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினான், அடங்கியது. இதை எழுதிய புளூட்டார்க் இன்னொன்றும் சொல்கிறார். குதிரைக்கு வயதான பிறகு, படையை அணிவகுக்க வேறு குதிரையில் சுற்றிவிட்டு, போர் தொடங்கும் நேரத்தில் மட்டும்தான் அலெக்ஸாண்டர் இதில் ஏறினாராம். கோபத்தோடு குதிரையிடம் போகாதே என்று கிரேக்கர் செனஃபோன் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பாடம் எழுதிவிட்டார்.

நான் அந்தப் பாடத்தைப் படிக்காத வயதில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1960-களில் எங்கள் ஊர் ரயிலடியில் பத்துப் பன்னிரண்டு குதிரை வண்டிகள் நிற்கும். அதில் ஒரு வெள்ளைக் குதிரை யாரைக் கண்டாலும் உதைக்கும். வயதாகி இளைத்தபின் வண்டிக்காரர் அதை அவிழ்த்து விட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் வீட்டிலேயே அடுப்பு எரிந்தது சந்தேகம். அது கடைவீதியில் சுவரொட்டியைக் கிழித்துத் தின்றபடி அலைந்தது. பையன்கள் கல் எறிந்தோம். 'றோம்' என்பதை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். அதன் முதுகில் சேணம் அறுத்த புண் இருந்ததை, அது பஸ் ஸ்டாண்டு ஓரம் செத்துக் கிடந்த அன்றுதான் பார்த்தேன்.

அதனால்தான் டோரதி புரூக் என்ற அம்மையாரின் கதை என்னை விடுவதில்லை. 1930-இல் ஒரு ஆங்கில ராணுவ அதிகாரியின் மனைவியாகக் கெய்ரோவுக்கு வந்தார். முதல் உலகப் போர் முடிந்ததும் ராணுவம் அங்கேயே விற்றுவிட்டுப் போன குதிரைகள், கிழடாகி, எலும்பும் தோலுமாக வண்டி இழுப்பதைக் கண்டார். 1931-இல் 'மார்னிங் போஸ்ட்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். பணம் வந்து குவிந்தது. சில ஆண்டுகளில் ஏறக்குறைய 5,000 குதிரைகளை வாங்கினார். 1934-இல் கெய்ரோவில் குதிரை மருத்துவமனை தொடங்கினார்.

ஆனால் அந்தக் குதிரைகளில் பெரும்பாலானவை தேறும் நிலையில் இல்லை. சில நாள் நல்ல தீனி, தண்ணீர், படுக்க வைக்கோல் கொடுத்து, பிறகு வலியில்லாமல் அவற்றை விடுவித்தார். என் மாணவன் இரண்டாவது வாரம் "இது பிழைக்குங்களா சார்?" என்று கேட்டபோது இதைத்தான் சொன்னேன். பிழைத்தால் சந்தோஷம். பிழைக்காவிட்டாலும் பசியோடும் வலியோடும் போகாது. அது உன் கையில் இருக்கிறது.

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று நம் பாட்டிகள் சொன்னதும் இங்கே பொருந்துகிறது. பத்து நாளுக்குப் பின், ஊறவைத்த தீனியோடு மருத்துவர் சேர்க்கச் சொன்னது தாவர எண்ணெய்! முதலில் சில கரண்டி, வாரக்கணக்கில் மெல்ல ஏற்ற வேண்டும். மாவுச்சத்தின் ஆபத்து இல்லாமல் சதை பிடிக்க அதுதான் வழி. எள்ளை அப்படியே அள்ளிப் போட்டுவிடாதீர்கள்!

எடையைக் கண்ணால் மட்டும் கணிக்க வேண்டாம். 1983-இல் டெக்சாஸில் ஹென்னகி என்பவர் கழுத்து, திமில், தோள், விலா, இடுப்பு, வால்மூடு ஆகிய ஆறு இடங்களைத் தடவிப் பார்த்து 1 முதல் 9 வரை மதிப்பெண் போடும் முறையை வகுத்தார். நம் குதிரை வந்த அன்று 2. போன ஞாயிறு 3 என்று மருத்துவர் போட்டிருக்கிறார். ஒரே ஒரு மதிப்பெண்தான். ஆனால் அவன் அனுப்பிய வீடியோவில் வாளி வரும்போது அதன் காது முன்னால் நிற்கிறது.

வீட்டில் வயதான மாடோ நாயோ வைத்திருப்பவர்கள் இன்று ஒருமுறை அதன் வாயைத் திறந்து பாருங்கள். திறக்க விடாவிட்டால் திட்டாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்