தமிழ் சோறு போடுமா?

நம் கும்பகோணம் அரசு கலைக் கல்லூரியில் நான் சேர ஆசைப்பட்டது பி.ஏ. தமிழ். "தமிழ் சோறு போடுமாடா?" என்றார் அப்பா. பி.எஸ்சி. கணிதம் படித்தேன், இன்று மென்பொருள் பொறியாளன்.

நம் கல்லூரியின் பழைய தமிழாசிரியர் உ.வே.சாமிநாதையருக்கும் இந்தச் சிக்கல் இருந்தது. 1855-இல் பிறந்த அவரைத் தம்மைப் போலச் சங்கீத வித்துவானாக்க விரும்பினார் தந்தை வேங்கடசுப்பையர். இங்கிலீஷ் படித்தால்தான் பிழைப்பு என்றார்கள் மற்றவர்கள். பையன் மனமோ தமிழிலேயே நின்றது. கடைசியில் தந்தையே 1871-இல் மாயூரத்துக்கு அழைத்துப் போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்த்தார்.

வறுமை உடனே விலகவில்லை. 1880-இல்தான், தியாகராச செட்டியார் ஓய்வு பெற்ற இடத்தில், இங்கே வேலை கிடைத்தது. அதே ஆண்டு இவ்வூர் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார் சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் படித்திராத நூல்! ஏடுகளைத் தேடி, ஒப்பிட்டு, 1887-இல் பதிப்பித்தார். சிலப்பதிகாரமும் புறநானூறும் பின்னே வந்தன.

அப்பாவின் பயம் பொய்யல்ல. ஐயருக்கே நிலையான வேலைக்கு ஒன்பது வருஷம் ஆச்சே! இப்போது அக்கா மகன் நம் கல்லூரியிலேயே பி.ஏ. தமிழ் சேரணும் என்கிறான். அக்காவும் அதே கேள்விதான் கேட்கிறாள். "சேர்த்துவிடு அக்கா, செலவு என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன்.