சூலுற்ற தாய்க்கு அறுவை: அச்சம் தெளிந்த வரலாறு

கருவுற்ற பெண்ணுக்குப் பேறுகாலத்தோடு தொடர்பில்லாத நோய் ஒன்று கண்டு, அறுவை தவிர்க்க இயலாததாகும்போது, மயக்க மருந்து வயிற்றிலுள்ள குழந்தையைத் தாக்காதா என்றே குடும்பத்தார் முதலில் வினவுகின்றனர். நியாயமான இவ்வினாவுக்கு நெடிய வரலாறு உண்டு. அதனைச் சுருக்கமாக இங்கே காண்போம்.

கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் மருத்துவ வாக்கியத் தொகுப்பு, சூலுற்றவர்க்குப் பேதி மருந்து தரவேண்டுமாயின் நான்காம் மாதம் முதல் ஏழாம் மாதம் வரை தரலாம். தொடக்க மாதங்களிலும் இறுதி மாதங்களிலும் தவிர்க்க வேண்டும் என்கிறது. 9ஆம் நூற்றாண்டில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் இதனை அரபு மொழிக்குக் கொணர்ந்தார். 'அல்-ஃபுஸூல்' எனப் பெயர்பெற்ற இந்நூலுக்கு 13ஆம் நூற்றாண்டில் இப்னு நஃபீஸ் விரிவுரை வரைந்தார். தாய்க்கு மருந்தளிக்கும்போது கருவின் பருவத்தையும் கருதவேண்டும் என்னும் நெறி இவ்வாறு பல நூற்றாண்டுகள் பயிலப்பட்டது.

1846 அக்டோபர் 16இல் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் ஈதர் கொடுத்து, அறுவையின் வலியைப் போக்கிக் காட்டினார். மறு ஆண்டு ஜனவரியில் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் அதனைப் பேறுவலிக்குப் பயன்படுத்தினார். நவம்பரில் குளோரோஃபார்மையும் அறிமுகம் செய்தார். தாய் முகர்ந்த மருந்து தாயோடு நின்றுவிடுகிறதா? 1870களில் பால் ஸ்வைஃபெல் செய்த ஆய்வு, குளோரோஃபார்ம் சிசுவின் உடலையும் அடைகிறது எனக் காட்டியது. நஞ்சுக்கொடி மருந்தைத் தடுக்கும் மதிலன்று என்பது தெளிவாயிற்று.

அச்சம் தயக்கத்தை வளர்த்தது; தயக்கமோ உயிர்களைக் குடித்தது. குடல்வால் அழற்சி இதற்குத் தக்க சான்று. சூலுற்ற காலத்தில் குமட்டலும் வயிற்றுவலியும் இயல்பு எனக் கொள்ளப்படுவதால் நோய் மறைந்து நிற்கும். குடல்வால் வெடித்துச் சீழ் பரவினால் தாய், சேய் இருவர்க்கும் ஆபத்து. 1908இல் அமெரிக்க மருத்துவர் பேப்லர், இந்நோயால் நேரும் சாவுகள் உண்மையில் தாமதத்தால் நேர்பவையே என எழுதினார்.

மயக்கவியலும் படிப்படியே பாதுகாப்பை அடைந்தது. மயக்கநிலையில் இரைப்பைப் பொருள் நுரையீரலுக்குள் செல்லும் அபாயத்தை 1946இல் மெண்டல்சன், 44,016 பேறுகளில் 66 நிகழ்வுகளைக் கொண்டு விளக்கினார். மல்லாந்து படுக்கையில் கருப்பை பெருநாளங்களை அழுத்துவதால் இரத்த அழுத்தம் வீழும் என்பதை 1953இல் வெளிவந்த ஆய்வு ஒன்று தெளிவுபடுத்தியது. ஆகவேதான் பிந்திய மாதங்களில் தாயை இடப்பக்கம் சாய்த்துக் கிடத்துகின்றனர். தாயின் மூச்சும் குருதியோட்டமும் சீராக இருப்பதே குழந்தைக்கும் முதற்காப்பு.

1989இல் மேஸேயும் காலேனும் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் திருப்புமுனை. 1973 முதல் 1981 வரை சுவீடனில் நிகழ்ந்த சுமார் 7,20,000 பிறப்புகளில், தாய்க்கு அறுவை நடந்த 5,405 நேர்வுகளை அவர்கள் ஆராய்ந்தனர். பிறவி ஊனங்கள் மிகவில்லை. எடை குறைந்த குழந்தைகளும், முதல் வாரத்திலேயே நேர்ந்த இறப்புகளும் மிகுந்திருந்தன. அதற்கு மூலநோய் காரணமா, அறுவையா, மயக்க மருந்தா எனப் பிரித்துணர இயலவில்லை.

2016இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட அல்லது மீண்டும் மீண்டும் தரப்படும் மயக்கம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என எச்சரித்தது. விலங்காய்வுகளையே பெரிதும் சார்ந்த எச்சரிக்கை அது. தேவையான அறுவையைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதையும் அவ்வமைப்பு தெளிவுபடுத்தியது.

இன்றைய நெறி மூன்று வகையாக அமைகிறது. அவசரமற்ற அறுவையைப் பேற்றுக்குப் பின் செய்யலாம். பேறுவரை காத்திருக்க இயலாது, ஆயினும் சில வாரங்கள் பொறுக்கலாம் எனின், இடை மாதங்களே உகந்தவை. உயிர்காக்கும் அறுவையை எம்மாதத்திலும் மறுத்தலோ தாழ்த்தலோ கூடாது. இடை மாதங்கள் என்னும் தெரிவில் 'அல்-ஃபுஸூல்' கூறியதன் சாயலைக் காண்கிறோம். காரணங்கள் வேறு, எச்சரிக்கை ஒன்றே. எனினும் அச்சத்தால் மருத்துவமனை வாயிலில் தயங்கி நிற்போர்க்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டியது மூன்றாம் நெறியையே.